பன்னிரண்டு டாலர் நீதி

குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் 12 டாலர். குற்றமற்றவன் என்று விடுவித்தாலோ, ஒரு செப்புக்காசும் இல்லை!

இந்த ஏற்பாட்டின்கீழ் ஒருவர் நீதி வழங்க அமர்ந்தால், அவர் கையிலுள்ள துலாக்கோல் எந்தப் பக்கம் சாயும்? விடை கூறப் பெரும் புலமை தேவையில்லை. சந்தையிலே கத்தரிக்காய் நிறுக்கும் கிழவிக்கும் தெரியும், தட்டின் அடியிலே புளியை ஒட்டிவைத்தால் முள் எங்கே நிற்கும் என்பது.

ஆனால் இப்படியொரு நீதிமன்றம் நடந்தது. காட்டுமிராண்டிக் காலத்தில் அன்று. கொடுங்கோல் மன்னனின் கொலுமண்டபத்திலும் அன்று. விடுதலைக்கு வானளாவச் சிலை நிறுத்திய அமெரிக்க நாட்டில், இருபதாம் நூற்றாண்டில், மக்கள் தேர்ந்தெடுத்த ஊர்த்தலைவரே நீதிபதியாக வீற்றிருந்த மன்றத்தில் நடந்தது. சட்டத்தின் ஒப்புதலோடு நடந்தது. ஒழுக்கத்தை உயர்த்துகிறோம் என்ற முழக்கத்தோடு நடந்தது!

அந்த 12 டாலரை எதிர்த்து ஒரு மனிதன் வழக்காடினான். சாராயம் வைத்திருந்தான் என்று பிடிபட்டவன் அவன். பெரிய மனிதனல்லன், தியாகியுமல்லன். ஆயினும் அவன் தொடுத்த வழக்கு, நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, நீதி என்பது எத்தகைய கையால் வழங்கப்பட வேண்டும் என்ற இலக்கணத்தையே எழுதுவித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கு நாம் காண்கிறோம்.

மதுவை ஒழிக்க வந்த சட்டம்

1919-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க அரசியலமைப்பின் பதினெட்டாவது திருத்தம் ஒப்புதல் பெற்றது. 1920 சனவரி 17 முதல் நாடெங்கும் மது செய்தல், விற்றல், கடத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டன. குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு கண்ணீர் வடித்த தாய்மார்களும், தொழிலாளியின் கூலி சாராயக் கடையில் கரைவதைக் கண்டு கொதித்த சீர்திருத்தக்காரர்களும் பல்லாண்டு பாடுபட்டதன் பயன் அது. மதுவிலக்கு நமக்கும் புதிதன்று. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கைத் தமிழகம் அறியும். குடியின் கேட்டை மறுப்பார் யார்?

ஆனால், நோக்கம் நல்லதாயிருந்தால் போதுமா? வழியும் நல்லதாக இருக்க வேண்டாமா? கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

சட்டம் வந்தது, சாராயம் போகவில்லை. பெரிய நகரங்களில் கள்ளத்தனமாகப் பாய்ந்தது. நகர நீதிமன்றங்கள் போதிய ஊக்கத்தோடு தண்டிக்கவில்லை என்று கருதியவர்கள் ஒரு குறுக்குவழி கண்டனர். ஒஹாயோ மாநிலத்தில் சின்னஞ்சிறு ஊர்களின் மேயர்களுக்கும், மதுவிலக்குக் குற்றங்களை மாவட்டம் முழுவதற்குமாக விசாரிக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. ஒரு சிற்றூரின் தலைவர், தன் ஊர் எல்லைக்கு வெளியே, தனக்கு வாக்களிக்காத, தன்னைக் கண்டறியாத மனிதனைப் பிடித்துவரச் செய்து தண்டிக்கலாம்!

அதிகாரம் மட்டுமா தரப்பட்டது? ஆசையும் சேர்த்தே தரப்பட்டது. வசூலாகும் தண்டத்தொகையில் பாதி மாநிலத்துக்கு. மறுபாதி, வழக்கு எந்த ஊரில் விசாரிக்கப்பட்டதோ அந்த ஊருக்கு. மேலும், அத்தகைய ஊர் ஒன்று தனக்கென விதி ஒன்றை இயற்றிக்கொண்டது. மேயர் தம் வழக்கமான சம்பளத்துக்கு மேல், ஒவ்வொரு வழக்கிலும் விதிக்கப்படும் செலவுத்தொகையையும் தமக்கே எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த விதி. செலவுத்தொகையைக் கட்ட வேண்டியவன் யார்? தண்டனை பெற்றவன். விடுதலை பெற்றவனிடம் வசூலிக்க முடியாது. ஆகவே, தண்டித்தால் வருவாய், விடுவித்தால் வெறுங்கை!

கணக்கேடு பேசுகிறது

அந்த ஊரின் பெயர் நார்த் காலேஜ் ஹில். ஹாமில்டன் மாவட்டத்தில், சின்சினாட்டி மாநகருக்கு அருகே உள்ளது. சின்சினாட்டியிலோ 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள். அத்தனை பேரையும் உள்ளடக்கிய மாவட்டத்தின்மீது இந்தச் சிற்றூர் மேயரின் வலை விரிந்தது. மேயரின் பெயர் பியூ.

வலை வீணாகவில்லை. 1923 மே 11 முதல் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை, எட்டு மாதங்கள்கூட நிறையாத காலத்தில், இந்த ஊர் மன்றம் மதுவிலக்கு வழக்குகளில் 20,000 டாலருக்கு மேல் தண்டமாக வசூலித்தது. மாநிலத்துக்குச் சென்றது 8,992.50 டாலர். ஊரின் பொதுச் செலவுக்குக் கிடைத்தது 4,471.25 டாலர். ஊரின் பாதுகாப்பு நிதியில் சேர்ந்தது 2,697.25 டாலர். எஞ்சியது எங்கே போயிற்று? இரகசியப் பணி நிதி என்று ஒன்று வைத்திருந்தார்கள், அதிலே விழுந்தது. அந்த நிதியிலிருந்து குற்றஞ்சாட்டும் வழக்கறிஞருக்குப் பங்கு. துப்பறிவோருக்கும் காவலர்க்கும் பங்கு.

மேயருக்கு? 696.35 டாலர்! சம்பளத்துக்கு மேற்பட்ட வரும்படி அது. மாதம் ஏறத்தாழ 100 டாலர். வழக்குக்கு 12 டாலர் வீதம் கணக்கிட்டால், ஐம்பத்தெட்டுப் பேரையாவது தண்டித்திருந்தால்தான் அந்தத் தொகை சேரும்.

தோழர்களே, இந்தக் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். பிடிப்பவனுக்குப் பங்கு. குற்றஞ்சாட்டுபவனுக்குப் பங்கு. தீர்ப்புச் சொல்பவனுக்குப் பங்கு. ஊருக்குப் பங்கு; அரசுக்கும் பங்கு. பந்தியிலே இத்தனை பேரும் இலை போட்டு அமர்ந்திருக்கிறார்கள். எதிரே நிற்பவன் ஒருவன்தான், அவனுடைய மடியிலிருந்துதான் இத்தனை இலைக்கும் பரிமாற வேண்டும். அந்த மன்றத்தில் அவனுக்கு நீதி கிடைக்கும் என்று யார் நம்புவார்?

பிடிபட்டவன் கேட்ட கேள்வி

ஹாமில்டன் மாவட்டத்திலுள்ள ஒயிட் ஓக் என்ற மற்றோர் ஊரில் எட் டியூமி என்பவன் கைது செய்யப்பட்டான். சட்டவிரோதமாக மது வைத்திருந்தான் என்பது குற்றச்சாட்டு. மேயர் பியூவின் முன் நிறுத்தப்பட்டான்.

குற்றத்தை அவன் ஒப்பவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. விசாரணை தொடங்குமுன்னரே ஒரு மறுப்பை எழுப்பினான். ‘இந்த வழக்கை விசாரிக்க உமக்குத் தகுதியில்லை. என்னைத் தண்டித்தால் உமக்குப் பணம். விடுவித்தால் உமக்கு இழப்பு. உமது வருவாயைப் பொறுத்த வழக்கில் நீரே எப்படி நீதிபதியாகலாம்?’ என்பதே அந்த மறுப்பின் சாரம்.

மறுப்பை விசாரித்துத் தள்ளியவர் யார்? அதே மேயர்! தமக்குத் தகுதி உண்டு என்று தமக்குத்தாமே தீர்ப்பளித்துக்கொண்டு, வழக்கை நடத்தி, டியூமியைக் குற்றவாளி என்றார். 100 டாலர் தண்டம் விதித்தார். தண்டத்தையும் செலவுத்தொகையையும் கட்டும்வரை சிறையிலிருக்க வேண்டும் என்றார். அந்த வழக்கில் மேயருக்குரிய பங்கு 12 டாலர்.

ஜூரிமார் இல்லை. சாட்சி சொல்பவன் மெய்யனா பொய்யனா என்று எடைபோட மேயர் ஒருவரே. மேல்மன்றம் சென்றாலும் சட்டப்பிழை உண்டா என்று பார்ப்பார்களே தவிர, முழு வழக்கையும் புதிதாக விசாரிக்கமாட்டார்கள். எனவே அந்த ஒரு மனிதரின் மனச்சாய்வே டியூமியின் விதி.

டியூமி மாவட்ட மன்றத்துக்குச் சென்றான். மேயருக்குத் தகுதியில்லை என்று அம்மன்றம் தண்டனையை நீக்கியது. அரசு விடவில்லை, மேல்முறையீட்டு மன்றம் சென்றது. அங்கே தீர்ப்பு தலைகீழாயிற்று. மேயர் செய்தது சரியே என்றனர். மாநிலத்தின் தலைமை நீதிமன்றமோ வழக்கை எடுத்து விசாரிக்கவே இசையவில்லை. இறுதியாக வாஷிங்டனிலுள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினான். 1926 நவம்பர் இறுதியில் வாதம் நடந்தது.

100 டாலர் தண்டத்துக்காகவா இத்தனை மன்றங்கள் என்று சிலர் நகைத்திருக்கலாம். தொகையைப் பார்த்தவர்கள் நகைத்திருப்பர். தொகைக்குப் பின்னால் நின்ற கேள்வியைப் பார்த்தவர்களோ நகைத்திருக்கமாட்டார்கள்.

அரசின் வாதங்கள்

அரசுத் தரப்பில் வாதங்களுக்குப் பஞ்சமில்லை.

மேயருக்குக் கிடைப்பது அற்பத்தொகை. பன்னிரண்டு டாலருக்காக ஒரு பொறுப்புள்ள மனிதர் மனச்சான்றை விற்பாரா என்பது ஒரு வாதம். சிறு வழக்குகளை விசாரிக்கும் ஊர் அதிகாரிகள் கட்டணம் பெறுவது பழைய வழக்கம்தானே என்பது மற்றொன்று. டியூமி குற்றம் செய்தது சாட்சியத்தால் தெளிவு. சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தண்டமே விதிக்கப்பட்டது. ஆகவே அவன் குறைகூற உரிமையில்லை என்பது மூன்றாவது.

முதல் வாதம் மனிதனின் நல்லியல்பைக் காட்டி மயக்குகிறது. இரண்டாவது, பழமையைக் காட்டி அடக்குகிறது. மூன்றாவது, குற்றவாளிக்கு உரிமை ஏது என்று கேட்டு நம் வெறுப்பைத் துணைக்கழைக்கிறது. எந்த அநீதிக்கும் காவல் நிற்பவர்கள் இந்த மூன்று கேடயங்களையும் மாற்றிமாற்றித் தூக்குவதை உலக வரலாறு நெடுகக் காணலாம்!

பழமை என்றார்களே, அந்தப் பழமை உண்மையில் என்ன சொன்னது? அதையும் உச்ச நீதிமன்றம் துருவிப் பார்த்தது.

இங்கிலாந்தில் 1388-ஆம் ஆண்டிலேயே, ஊர் அமைதி காக்கும் நீதிபதிகளுக்கு, அவர்கள் மன்றத்தில் அமரும் நாளொன்றுக்கு 4 ஷில்லிங் என்று ஊதியம் வகுக்கப்பட்டது. அமர்ந்தால் ஊதியம், அவ்வளவே. தண்டித்தாலும் 4 ஷில்லிங், விடுவித்தாலும் 4 ஷில்லிங். ஏறத்தாழ ஐந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரபுக்கள் ஆட்சியில் இருந்த அறிவு, குடியரசில் இல்லாமற்போயிற்று!

1610-ஆம் ஆண்டு நிகழ்ந்த டாக்டர் பான்ஹாம் வழக்கைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் பட்டம்பெற்ற மருத்துவர் தாமஸ் பான்ஹாம். இலண்டன் மருத்துவர் கழகத்தின் அனுமதியின்றி மருத்துவம் பார்த்தார் என்று அக்கழகம் அவருக்குத் தண்டம் விதித்தது. பிறகு சிறையிலும் அடைத்தது. தண்டத்தில் பாதி மன்னருக்கு, பாதி கழகத்துக்கு! அழைப்பாணை அனுப்புபவரும் நீங்களே, தீர்ப்பளிப்பவரும் நீங்களே, தண்டத்தில் பங்கு பெறும் தரப்பும் நீங்களேயாக இருக்க முடியாது என்று நீதிபதி எட்வர்ட் கோக் இடித்துரைத்தார். தன் வழக்கில் தானே நீதிபதியாதல் ஒவ்வாது என்பது அவர் நிலைநாட்டிய கருத்து.

1852-இல் அதனினும் வியப்பான ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைவர் காட்டன்ஹாம் பிரபு, ஒரு கால்வாய்க் கம்பெனியின் வழக்கில் தீர்ப்பளித்தார். அந்தக் கம்பெனியில் அவருக்குப் பங்குகள் உண்டு என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர் பணத்துக்காகச் சாய்ந்தார் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. ஆயினும் பிரபுக்கள் சபை அவருடைய தீர்ப்பைத் தள்ளியது. நாட்டின் மிகப்பெரிய நீதிபதியானாலும் விதி விதிதான் என்றது.

ஆகவே, பழமையைச் சாட்சிக்கு அழைத்தவர்களுக்கு எதிராகவே பழமை சாட்சி சொல்லிற்று!

டாஃப்ட் எழுதிய தீர்ப்பு

1927 மார்ச் 7. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் ஹோவர்டு டாஃப்ட். 1909 முதல் 1913 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து, பின்னர் தலைமை நீதிபதியானவர். இரு பதவிகளையும் வகித்தவர் அந்நாட்டு வரலாற்றில் அவர் ஒருவரே. பிறந்த ஊர் எது தெரியுமா? சின்சினாட்டி! மேயர் பியூவின் வலை விரிந்த அதே ஹாமில்டன் மாவட்டம்!

அவர் சாராயக்காரர்களிடம் இரக்கம் காட்டியவருமல்லர். 1925-இல் காரொல் வழக்கில், மது கடத்தப்படுகிறது என்று நம்பத்தக்க காரணமிருந்தால் ஆணையின்றியே மோட்டார் வண்டியைச் சோதிக்கலாம் என்று தீர்ப்பெழுதியவர் அவரே. மதுவிலக்குச் சட்டத்தை மெய்யாகவே நிறைவேற்ற விரும்பிய அந்த மனிதர்தான், மதுவிலக்கின் பெயரால் நடந்த இந்த வாணிகத்தை வெட்டிச் சாய்த்தார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அவருடன் நின்றனர்.

தீர்ப்பின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம்.

நீதிபதி நேரடியாக, கணிசமான பணநலன் கொண்டிருக்கும் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவனின் உடைமையையோ உரிமையையோ அவர் தீர்ப்புக்கு உட்படுத்துவது, 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம் உறுதியளிக்கும் முறையான சட்ட நடைமுறைக்கு மாறானது. பன்னிரண்டு டாலர் அற்பமன்று. மாதம் 100 டாலர் அறவே அற்பமன்று.

உயர்ந்த மனம் படைத்தவர்கள் இந்த ஏற்பாட்டின் கீழும் நேர்மையாகவே நடப்பார்கள் என்று வாதிடுவது பயனற்றது. ஏனெனில், கேள்வி உயர்ந்தவர்களைப் பற்றியதன்று. நம்மைப்போன்ற நடுத்தரமான மனிதன் ஒருவன் அந்த நாற்காலியில் அமர்ந்தால், குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை மறக்கத் தூண்டுமா, துலாக்கோலைச் சாய்க்கத் தூண்டுமா என்பதே அளவுகோல். தூண்டக்கூடும் என்றால் அந்த நடைமுறை செல்லாது.

மேயரின் சட்டைப்பையை மட்டும் மன்றம் பார்க்கவில்லை. ஊரின் கருவூலத்தையும் பார்த்தது. ஊரின் வரவுசெலவுக்குப் பொறுப்பாளர் மேயர். ஊரின் நிதியை நிரப்புவது தண்டம். தண்டத்தை விதிப்பவரும் மேயர். ஒருவரே ஊருக்காக வசூலிப்பவராகவும், அந்த வசூல் நேர்மையானதா என்று தீர்ப்பவராகவும் இருப்பதும் குற்றமே என்றது.

அவன்தான் குற்றவாளியாயிற்றே என்ற வாதத்துக்கு வந்த விடை, பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. சாட்சியம் எப்படியிருந்தாலும், நடுநிலையான நீதிபதியின் முன் நிற்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதே அது. குற்றமற்றவனுக்கு மட்டும்தான் நேர்மையான விசாரணை என்றால், அவன் குற்றமற்றவனா என்பதை எந்த விசாரணையால் அறிவது?

மற்றொன்றையும் மன்றம் நுட்பமாகப் பிரித்துக் காட்டியது. குற்றங்களைக் கண்டுபிடிப்போர்க்கும், துப்புத் தருவோர்க்கும் அரசு பரிசளித்து ஊக்கலாம், அதிலே தவறில்லை. ஆனால் தீர்ப்பளிப்பவனுக்கு அப்படி ஊக்கம் தரலாகாது. வேட்டைநாய்க்கு இரை வைக்கலாம், துலாக்கோலுக்கு வைக்கலாமா?

தொடர்ந்து வந்த வழக்குகள்

1927-உடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஆசை ஒரு வாயிலை அடைத்தால் மறுவாயில் தேடும்.

மறுஆண்டு, 1928-இல், அதே மாநிலத்தின் சீனியா என்ற ஊரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. அங்கே மேயருக்கு நிலையான சம்பளம். தண்டித்தாலும் விடுவித்தாலும் அதே தொகை. ஊரின் ஆட்சியும் நிதியும் வேறு கைகளில். அதைத் தவறென்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அதாவது, மேயர் என்ற பெயர்மீது பகையில்லை. தீர்ப்போடு பிணைத்த பணத்தின்மீதுதான் பகை.

1972-இல் மன்ரோவில் என்ற ஊரின் வழக்கு. அதுவும் ஒஹாயோதான். இரண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஒருவருக்குத் தலா 50 டாலர் தண்டம் விதித்தார் மேயர். மேயரின் சட்டைப்பைக்கு ஒரு காசும் போகவில்லை. ஆனால் 1964-ஆம் ஆண்டில் அந்த ஊரின் மொத்த வருவாய் 46,355.38 டாலர், அதில் மேயர் மன்றம் ஈட்டித் தந்தது 23,589.50 டாலர். பாதிக்கு மேல்! ஊர் உண்பதே தண்டத்தை நம்பி என்றால், ஊர்த்தலைவர் எப்படி நடுநிலை வகிப்பார்? டியூமி வழக்கின் நெறியையே பின்பற்றி நீதிபதி பிரென்னன் தீர்ப்பெழுத, அந்த மன்றமும் தகுதியற்றதாயிற்று.

1977-இல் ஜார்ஜியா மாநிலத்து வழக்கு. அங்கே, சோதனை ஆணை வழங்கும் ஊர் நீதிபதிக்குச் சம்பளமே கிடையாது. ஆணை வழங்கினால் 5 டாலர், மறுத்தால் ஒன்றுமில்லை. 1973 தொடக்கத்தில் பதவியேற்றது முதல் ஏறத்தாழ 10,000 ஆணைகள் வழங்கியதாக அவரே சொன்னார். வீட்டின் கதவைக் காவலர் தட்டலாமா என்று முடிவு செய்யும் பேனாவுக்கு ஐந்து டாலர் மை! அதுவும் வீழ்ந்தது.

இன்னும் அண்மைக்கு வருவோம். 2014 ஆகஸ்டில், மிசௌரி மாநிலத்து ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரௌன் என்ற கருப்பின இளைஞன் காவலரின் துப்பாக்கிக்கு இரையானான். நகரம் கொதித்தெழுந்தது. நடுவண் அரசின் நீதித்துறை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்த அந்நகரம், 2015-ஆம் நிதியாண்டின் 13.26 மில்லியன் டாலர் வருவாய்த் திட்டத்தில் 3.09 மில்லியனைத் தண்டத்திலும் கட்டணத்திலும் எதிர்பார்த்தது. காவல் துறையும் நகர நீதிமன்றமும் பாதுகாப்புக்காக அல்ல, வருவாய்க்காக முடுக்கிவிடப்பட்டன என்பதும், அந்தச் சுமை கருப்பின மக்கள் தலையிலேயே மிகுதியாக விழுந்தது என்பதும் அறிக்கையின் முடிவு. தண்டத்தால் வாழும் ஆட்சி யாரைத் தண்டிக்கும்? எதிர்த்துக் கேட்க வலுவற்றவனைத்தான்!

நாம் கற்பது என்ன?

ஆசிரியப் பணியிலிருக்கும் நமக்கு எளிதான உவமை ஒன்று தோன்றுகிறது. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் தந்தால் எவரும் குறைகூறார். தோல்வியடையும் மாணவன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு ரூபாய் என்று தந்தால்? ஆசிரியர் உத்தமராகவே இருக்கட்டும். அந்தத் தாளைத் தோல்வியென்று பெற்று வீட்டுக்குத் திரும்பும் மாணவன், தான் படிக்காததால் தோற்றோம் என்று நம்புவானா? அவன் தந்தைதான் நம்புவாரா? சில வேளை அவன் உண்மையிலேயே படிக்காதவனாக இருப்பான். ஆயினும் அந்த உண்மை அவனுக்கு உறைக்காது. திருத்தியவரின் கையில் இரண்டு ரூபாய் இருப்பதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

நேர்மை இருப்பது மட்டும் போதாது. நேர்மையை ஐயுறக் காரணமில்லாத அமைப்பும் வேண்டும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, அங்கே துலாக்கோலை உவமையாகக் காட்டினார். டாஃப்ட் குறள் படித்தவரல்லர் என்றே கொள்வோம்; அவருக்கும் அதே துலாக்கோல்தான் கைகொடுத்தது. நீதியை எண்ணும் மனிதன் எந்நாட்டவனாயினும், எம்மொழியினனாயினும், இறுதியில் வந்து நிற்கும் இடம் அது.

இந்த வழக்கு சீர்திருத்தம் பேசும் நமக்குத் தனியாகவும் ஒரு பாடம் சொல்கிறது. மதுவிலக்கை வேண்டியவர்கள் தீயவரல்லர். குடியினால் அழிந்த வீடுகளைக் காக்கப் புறப்பட்டவர்கள். ஆனால், நம் நோக்கம் தூயது, ஆகவே நம் கருவியை ஆராய வேண்டா என்று எண்ணினார்கள். எதிரி தீயவன், ஆகவே அவனுக்கு எந்த மன்றமும் போதும் என்று எண்ணினார்கள். விளைவு? குடியை ஒழிக்க வந்த மன்றத்துக்குக் குடிகாரனே வாழ்வாதாரமானான். எல்லாரும் குடியை விட்டிருந்தால் அந்த ஊரின் நிதி வறண்டிருக்கும். மேயரின் வரும்படி நின்றிருக்கும். தீமையை ஒழிக்க எழுந்த அமைப்பு, தீமை நிலைத்திருப்பதையே நம்பி உயிர்வாழத் தொடங்கிற்று. 1933 டிசம்பர் 5-ஆம் நாள் பதினெட்டாவது திருத்தமே நீக்கப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. மக்கள் கண்ணில் அந்தச் சட்டம் மதிப்பிழந்ததில், தண்டத்தைத் தின்று கொழுத்த இத்தகைய மன்றங்களுக்கும் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

நல்லவர் ஆளட்டும் என்பது பழைய கனவு. நல்லவரைத் தேடி நாற்காலியில் அமர்த்திவிட்டு, நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பது அந்தக் கனவின் பொருள். பகுத்தறிவு அப்படிக் கண்மூடச் சொல்லவில்லை. நாற்காலியில் அமர்பவர் யார் என்று கேட்பதோடு, அந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. எந்த அதிகாரி எதிலிருந்து ஊதியம் பெறுகிறார்? அவருடைய முடிவு ஒருபுறம் சாய்ந்தால் அவருக்கு ஆதாயம் உண்டா? அவரைக் கேள்வி கேட்டால் அதற்கு விடைசொல்பவரும் அவரேயா? ஊராட்சி அலுவலகத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை எங்கும் கேட்கத்தக்க கேள்விகள் இவை.

நீதிக்குச் செலவு உண்டு. அதைக் கொடுக்க வேண்டியது பொதுமக்களின் கருவூலம். கூண்டில் நிற்பவனின் மடியன்று. செலவை மிச்சப்படுத்த எண்ணி நீதிபதியின் ஊதியத்தைத் தண்டனையோடு முடிச்சுப்போட்ட ஊர், சில டாலர்களை மிச்சப்படுத்தியது, நீதியையே செலவழித்துவிட்டது!

எட் டியூமியைப் போற்றிச் சிலை எழுப்ப வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால், ‘என்னைத் தண்டித்தால் உமக்கென்ன கிடைக்கும்?’ என்று நீதிபதியைப் பார்த்து அவன் கேட்ட கேள்வியை நாம் மறக்கலாகாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு குடிமக்களிடம் இருக்கும்வரை துலாக்கோல் நேராக நிற்கும். அந்தத் துணிவு மடிந்த நாளில், தட்டின் அடியில் யாரோ புளி ஒட்டத் தொடங்கியிருப்பார்கள்!